குழி யாருடையது?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய செங்கல் பங்களோ ஒன்றின் பக்கச் சுவரோரமாக நடந்து பாருங்கள். முதலில் எரிவாயு மீற்றர். கொஞ்சம் தள்ளிப் பக்கக் கதவு. அதற்கும் அப்பால், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக, நெளிவுகளோடு வளைந்த தகரம் ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குனிந்து பார்த்தால் உள்ளே கொஞ்சம் சல்லி, போன வருடத்து மேப்பிள் சருகு, காற்றில் வந்து விழுந்த சிப்ஸ் பை, அழுக்குப் பிடித்த சிறிய கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்கு மறுபக்கம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கட்டில்.

கடையில் விண்டோ வெல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நான் யன்னல் குழி என்று எழுதிக்கொண்டு போகிறேன். நிலமட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்ட யன்னலின் மேல் மண் சரியாமல் தடுத்து, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அரைவட்டமாக ஓர் இடம் ஒதுக்கித் தருவது அதன் வேலை. வீடு வாங்க வருபவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், சமையலறை மேசைக் கல்லைத் தடவிப் பார்ப்பார்கள், பேஸ்மென்றை எவ்வளவுக்கு வாடகைக்கு விடலாம் என்று மனதுக்குள் கூட்டிக் கழிப்பார்கள். அந்தத் தகரத்தைக் குனிந்து பார்த்து வீடு வாங்கிய ஒருவரையும் நான் அறியேன்.

இங்கே வீடுகளுக்குப் பேஸ்மென்ற் வந்ததற்குக் காரணம் குளிர். ரொறன்ரோவில் பனிக்காலத்தில் நிலம் ஏறத்தாழ 1.2 மீற்றர், பழைய கணக்கில் நாலடி, ஆழம்வரை உறையலாம் என்று வைத்துக்கொண்டுதான் அத்திவாரம் போடுகிறார்கள். அத்திவாரத்தின் அடி அந்த உறைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நாலடி எப்படியும் தோண்டத்தான் வேண்டுமென்றால் இன்னும் மூன்றடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறது. அந்தத் தளத்தில் முதலில் குடியேறியவை மனிதர்கள் அல்ல. சூடாக்கி, எண்ணெய்த் தாங்கி, உடுப்புத் தோய்க்கும் தொட்டி, குளிர்காலத்து உருளைக்கிழங்கு. இவற்றுக்கு வெளிச்சம் எதற்கு? கட்டியவர்கள் முழ உயரத்தில் இரும்புச் சட்ட யன்னல்களைச் சுவரின் உச்சியில் செருகிவிட்டுப் போனார்கள். அன்றைய தேவைக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். பக்கக் கதவைத் திறந்தால் நேரே கீழே இறங்கும் படி இருந்தது வசதியாகப் போயிற்று. ஒரு குளியலறையும் அடுப்பும் வைத்து, நடுவில் ஒரு சுவரும் எழுப்பிவிட்டால் தனி வீடு. எங்களுக்கு முன்னர் இந்த நகரத்துக்கு வந்தவர்களும் அங்கேதான் தொடங்கினார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த எங்களவர்களும் அங்கேதான் தொடங்கினார்கள். இன்று படிக்க வரும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள். 1994இல் ஒன்ராறியோ ஒரு சட்டம் இயற்றி இத்தகைய இரண்டாவது குடியிருப்புகளுக்கு மாகாணம் முழுவதும் அனுமதி கொடுத்தது. அடுத்து வந்த அரசு அதிலிருந்து பின்வாங்கியது. சட்டம் இப்படி வந்து வந்து போனதால் பல பேஸ்மென்றுகள் எந்த அதிகாரியின் கண்ணிலும் படாமலே வீடாகின, யன்னல்கள் மட்டும் உருளைக்கிழங்குக்கு வைத்த அளவிலேயே நின்றுவிட்டன.

நிலத்துக்குக் கீழே போவது எங்களில் பலருக்குப் புதிதாகவும் இருக்கவில்லை. குண்டு வீச்சுக்குப் பயந்து வளவுக்குள் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு இருந்தவர்கள்தான் இங்கே வந்து பேஸ்மென்றில் பாய் விரித்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். பங்கரை வெட்டியவரே அதற்குள் இருந்தார். வாசல் எந்தப் பக்கம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வரும், மேல்மரம் தாங்குமா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பேஸ்மென்றின் சங்கதி அப்படியல்ல. யன்னல் குழி இருப்பது மேலே இருப்பவருடைய நிலத்தில். அதன் பலாபலன் கீழே இருப்பவருடைய கட்டிலில். சொந்தக்காரர் அதற்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தினமும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பவருக்கோ அதில் ஒரு கல்லைப் புரட்டவும் உரிமையில்லை.

“அண்ணை, யன்னல் குழிக்குள்ள தண்ணி நிக்குது.”

“பாப்பம் தம்பி, ஸ்நோ முடியட்டும்.”

இந்த உரையாடல் இந்த நகரத்தில் பல மொழிகளிலும் நடந்திருக்கும். சொல்கிறவரும் கேட்கிறவரும் கெட்டவர்கள் அல்லர். ஸ்நோ முடிந்ததும் தண்ணீர் வற்றிவிடும், கோடையில் யாருக்கும் ஞாபகம் வராது, அடுத்த மார்ச்சில் மறுபடியும் அதே கதை. இத்தனைக்கும் சட்டம் இந்த விஷயத்தில் குழம்பவேயில்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது சொந்தக்காரர் பொறுப்பு. குடிவரும்போதே அந்தக் குறை வாடகைக்காரருக்குத் தெரிந்திருந்தாலும் பொறுப்பு மாறாது. “பாத்துத்தானே வந்தனீர்” என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

சரி, அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? வானத்திலிருந்து நேரே குழிக்குள் விழுவது சொற்பம். பெரும்பகுதி வருவது கூரையிலிருந்து. ஒரு கூரையின் பரப்பு 100 சதுர மீற்றர் என்று வையுங்கள். 25 மில்லிமீற்றர் மழைக்கு அதிலிருந்து இறங்குவது 2,500 லீற்றர். பீலி அதைச் சில குழாய்களுக்குப் பங்கிட்டு இறக்குகிறது. முன்பு அந்தக் குழாய்கள் நேரே நிலத்தடிச் சாக்கடைக்குள் போயின. 2011 முதல் ரொறன்ரோ நகரம் கட்டம் கட்டமாக அவற்றைச் சாக்கடையிலிருந்து கழற்றி வளவுக்குள் விடச் சொல்லிக் கட்டாயமாக்கியது. மழைக்குச் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் திரும்பி வருவதைக் குறைப்பதற்கான நல்ல விதி அது. கழற்றிய குழாயின் வாயை எங்கே வைப்பது என்பதில்தான் வினை பிறக்கிறது. சுவரிலிருந்து ஓரடி தள்ளி வளைத்து விட்டுவிட்டுப் போனால், கூரைத் தண்ணீர் முழுக்கப் பக்கத்துக் குழிக்குள் இறங்கிவிடும். குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி, சரிவு வெளிப்பக்கம் போகும் இடத்தில் விட வேண்டும்.

அந்தச் சரிவும் வருடங்கள் போகப் போகத் திரும்பிவிடுகிறது. வீடு கட்டும்போது அத்திவாரத்தைச் சுற்றித் தோண்டிப் பிறகு மூடிய மண், தோண்டாத மண்போல இறுகியது அல்ல. அது மெல்ல மெல்ல இறங்க, சுவரோரம் பள்ளமாகி, தெருப்பக்கம் ஓட வேண்டிய தண்ணீர் வீட்டுப்பக்கம் ஓடத் தொடங்குகிறது. தகரத்தின் விளிம்பு மண்ணுக்கு மேலே நாலங்குலமாவது நிற்க வேண்டும். புற்றரையை அழகுபடுத்துகிறோம் என்று மண் கொட்டிக் கொட்டி விளிம்பை மூடிய வீடுகள் நிறைய. அழகு வெளியில், ஈரம் உள்ளே.

உள்ளே விழுந்த தண்ணீர் போவதற்கு வழி வேண்டும். ஒழுங்காகச் செய்த குழியின் அடியில் சல்லி இருக்கும், சல்லிக்கு நடுவில் தலையில் கம்பிவலை போட்ட நாலங்குலக் குழாய் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அது அத்திவாரத்தின் அடியைச் சுற்றி ஓடும் துளைக்குழாயில் போய்ச் சேரும். வீப்பிங் ரைல் என்று இங்கே சொல்வது அதைத்தான். பழைய வீடுகளில் அது ஓரடி நீளச் சுட்டமண் குழாய்கள். ஒன்றோடொன்று முட்டவைத்து, இடுக்கால் தண்ணீர் உள்ளே வரட்டும் என்று விட்டிருப்பார்கள். இடுக்கால் தண்ணீரோடு சேறும் வந்தது, மரவேரும் வந்தது. எழுபது வருடத்தில் அது எவ்வளவு அடைபட்டிருக்கும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. ஒவ்வொரு யன்னல் குழியும் அத்திவார மட்டம்வரை அல்லது வேறு தகுந்த இடத்துக்கு வடிய வேண்டும் என்று கட்டட விதியில் இருக்கிறது. குழிக்குள் குழாயே வைக்காமல், இரண்டு வாளி சல்லியைக் கொட்டி மேற்பரப்பை அழகாக நிரவிவிட்ட வீடுகளும் இருக்கின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

எது எது என்று அறிய ஒரு வழி உண்டு. கோடையில் தோட்டத்துக்கு நீர் விடும் குழாயை எடுத்துக் குழிக்குள் போட்டு, ஒருவர் மேலே நிற்க, ஒருவர் உள்ளே யன்னலோரம் நிற்க, தண்ணீரைத் திறந்து விடுங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் நல்லது. நிரம்பத் தொடங்கினால் உடனே பூட்டுங்கள். அடைப்பு பெரும்பாலும் சருகால் வந்ததாகவே இருக்கும். மேப்பிள் இலை முதலில் கம்பிவலையில் படிந்து ஒட்டுகிறது. பிறகு உக்கி மண்ணாகிறது. அந்த மண்ணில் அடுத்த வசந்தத்தில் மேப்பிள் விதையே முளைக்கிறது. யன்னல் குழிக்குள் முழ உயரக் கன்று நிற்கக் கண்டு, பாவம் என்று விட்டு வைத்திருந்த ஒரு வீட்டுக்கும் போயிருக்கிறேன். கன்றின் மேல் இரக்கம் வேண்டாம். அதன் காலடியில் இருக்கும் மண் முழுவதும் வருடக்கணக்காக யாரும் அள்ளாமல் விட்ட இலை. யன்னலின் அடிச்சட்டத்துக்கும் குழியின் தரைக்கும் இடையில் அரையடியாவது இருக்க வேண்டிய இடத்தை அது தின்று முடித்திருக்கும்.

2005 ஓகஸ்ற் 19இல் வடக்கு ரொறன்ரோவில் கொட்டிய மழை பின்ச் அவெனியூவின் ஒரு துண்டையே அறுத்துக்கொண்டு போனது. 2013 யூலை 8இல் விமான நிலையத்தில் சில மணி நேரத்துக்குள் 126 மில்லிமீற்றர் பெய்தது. 1954இல் ஹேசல் சூறாவளி அடித்த நாளின் மழைக்கணக்கை அது மிஞ்சிற்று. அப்படியான மழையில் எந்தக் குழியும் தோற்கலாம். ஆனால் பேஸ்மென்றுகளைப் பாழாக்குவது பெருமழை மட்டுமல்ல. மார்ச் மாதத்தில், மேலே வெயில் பட்டு ஸ்நோ உருகும்போது, கீழே குழாயின் வாய் இன்னும் உறைந்தே இருக்கும். சத்தமில்லாமல் வரும் அந்த இரண்டு வாளித் தண்ணீர் சட்டத்தின் இடுக்கால் கசிந்து, சுவருக்குப் பின்னால் உள்ள பஞ்சில் ஊறி, கட்டிலின் தலைமாட்டில் கரும்பூஞ்சையாக எழுந்து வரும். அது செய்தித்தாளில் வராது.

தகரம் எதனால் கெட்டுப்போகிறது? துரு என்பது பாதி விடைதான். நாகம் பூசிய இரும்பு பல வருடம் தாங்கும், அடிவிளிம்பு முதலில் அரித்துப்போகும். மிச்சப் பாதியைக் குளிர் செய்கிறது. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கிறது, அதனால் மண் வீங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நிறுத்திவிடுகிறோம். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1920களின் கடைசியில் இதைச் சோதித்தார். உறையும்போது சுருங்கும் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். அப்போதும் மண் மேலெழுந்தது. பெருப்பதல்ல காரணம், உறையும் அடுக்கு கீழிருந்து புதிய ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சித் தகடு தகடாகச் சேர்த்துக்கொள்வதே காரணம் என்று அவர் காட்டினார். களிமண் கலந்த நிலத்தில் இது அதிகம். ஸ்காபரோவின் நிலம் பனிப்பாறை அரைத்து விட்டுப்போன களியும் மணலும் உருளைக்கல்லும்தான்.

உறைந்த களி, நெளிந்த தகரத்தின் ஒவ்வொரு நெளிவையும் பற்றிக்கொண்டு மேலே எழும்பும்போது, பல்லைப் பிடுங்குவதுபோலத் தகரத்தையும் கூடவே இழுக்கிறது. சுவரில் பூட்டிய ஆணி ஒரு வருடம் தாங்கும், இன்னொரு வருடம் தளரும். வசந்தத்தில் மண் இறங்கும்போது தகரம் பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. எழும்பிய இடைவெளிக்குள் மண்ணும் கல்லும் விழுந்து அடைத்திருக்கும். இப்படி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தகரம் மேலேயும் முன்னேயும் நகர்ந்து, சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வந்துவிடும். அந்த இடைவெளி வந்த நாளிலிருந்து குழி வெளியிலிருக்கும் சேற்றை உள்ளே அழைத்துவரும் வழி.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் முதல் வேலை மண்வெட்டியை எடுப்பதல்ல, தொலைபேசியை எடுப்பது. ஒன்ராறியோ வன் கோல் என்ற அமைப்புக்குச் சொன்னால், நிலத்தடியில் எங்கே எந்தக் குழாய் ஓடுகிறது என்று வந்து நிறம் பூசிவிட்டுப் போவார்கள். எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு. வீட்டுக்காரருக்கு இது இலவசம். எரிவாயு மீற்றரும் அதே சுவரோரம்தான் இருக்கும் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு கையாலேயே தோண்ட வேண்டும். சவள் போதும், அவசரம் ஆகாது. 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான குழியில் வேலையாள் இறங்குவதானால் பக்கங்களுக்கு முண்டு கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும் என்பது மாகாணத்தின் வேலைப் பாதுகாப்பு விதி. மண் சரிந்து ஆள் புதைவதற்கு வீட்டு முற்றத்துப் பள்ளமும் போதும்.

பழைய தகரத்தைக் கழற்றியதும் கண்ணில் படும் சுவர்தான் இந்த வேலையின் உண்மையான சேதி. கொங்கிறீற் கல்லடுக்கிய சுவர் என்றால் அந்தக் கற்களுக்குள் வெற்றிடம் இருக்கும். யன்னலருகே உட்புகுந்த தண்ணீர் அங்கேயே வெளிவராது. கல்லுக்குள் கல்லாக இறங்கி, மூன்றடி கீழே, பத்தடி தள்ளி வெளிவரும். அதனால்தான் பலர் யன்னலைக் குற்றம் சொல்லாமல் தரையைக் குற்றம் சொல்கிறார்கள். வெடிப்பு இருந்தால் கொத்தித் திறந்து, தண்ணீருக்குள்ளும் இறுகும் சீமெந்தால் அடைத்து, தார் பூசி, மேலே குமிழ் குமிழான கறுப்புப் பிளாஸ்ரிக் விரிப்பைத் தொங்கவிட வேண்டும். பள்ளம் திறந்திருக்கும்போதே வடிகுழாயையும் பார்த்து முடிக்க வேண்டும். இன்னொரு தடவை இதை யாரும் தோண்டப் போவதில்லை.

புதிய குழி யன்னலைவிட இரண்டு பக்கமும் அரையடி அகலமாக, அடிச்சட்டத்துக்குக் கீழே முக்காலடியாவது இறங்கி நிற்கட்டும். இரும்பா, பிளாஸ்ரிக்கா, கண்ணாடி நார் சேர்த்ததா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். சுவரில் ஆணி வைத்து இறுக்குவதா, சுவரைத் தொட்டபடி தனியே நிற்க விடுவதா என்பதில் தொழில் செய்பவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. என் பக்கம் இது: இறுக்காவிட்டால் இடுக்கால் மண் வரும், ஆகவே இறுக்கத்தான் வேண்டும். ஆனால் இறுக்கிவிட்டு வெளிப்பக்கம் பழைய களியையே அள்ளிப் போட்டு மூடினால், அடுத்த சில பனிக்காலங்களில் ஆணியோடு சேர்த்துக் கல்லின் முகமும் பெயர்ந்து வரும். தகரத்தைச் சுற்றித் தூசியில்லாத முக்கால் அங்குலச் சல்லியைப் போட்டால் ஈரம் நிற்காது. ஈரம் நிற்காவிட்டால் பனி பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. நிரப்பும்போது தகரம் உள்ளே நசுங்காமல் குறுக்கே ஒரு பலகையை முண்டு கொடுத்து வையுங்கள். ஆணியின் விலையைப் பார்ப்பவர்கள் சல்லியில் மிச்சம் பிடிக்கிறார்கள், அங்கேதான் பிழைக்கிறது.

இதுவரை சொன்னது தண்ணீர் உள்ளே வருவதைப் பற்றி. ஆள் வெளியே போவது இன்னொரு கணக்கு. படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியே போகக் கதவு இல்லாவிட்டால், ஒரு யன்னலாவது உள்ளிருந்து கருவி எதுவும் இல்லாமல் திறக்கக்கூடியதாக, திறந்த இடம் 0.35 சதுர மீற்றருக்குக் குறையாததாக, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறுகாததாக இருக்க வேண்டும். 380 உயரம் என்றால் அகலம் 920க்கு மேல் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து இரும்புச் சட்ட யன்னல் இதில் தேறாது, அதுவும் பாதி திறந்து சாய்ந்து நிற்கும் வகை என்றால் நினைக்கவே வேண்டாம். யன்னல் குழிக்குள் திறப்பதானால் அதன் முன்னால் ஆள் நிமிர்வதற்கு இடமும் வேண்டும். கனடாவின் தேசிய மாதிரிக் கட்டட விதி 760 மில்லிமீற்றர் கேட்கிறது. அமெரிக்காவில் 36 அங்குலம், 44 அங்குலத்துக்கு மேல் ஆழமானால் நிரந்தர ஏணியும் வேண்டும். யன்னலைப் பெரிதாக்குவதில் அகலத்தைவிடக் கீழ்நோக்கி வெட்டுவது எளிது, மேலே உத்தரம் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நகரசபை அனுமதி இல்லாமல் சுவரில் கை வைக்கக்கூடாது. யன்னல் இறங்கினால் குழியும் இறங்க வேண்டும், குழி இறங்கினால் வடிகாலும் புதிதாகச் செய்ய வேண்டும்.

2021 செப்ரெம்பர் 1ஆம் தேதி இரவு ஐடா சூறாவளியின் மிச்சம் நியூயோர்க்கைக் கடந்தது. நகரத்தின் மத்திய பூங்காவில் ஒரு மணி நேரத்தில் 80 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. நகர எல்லைக்குள் இறந்த 13 பேரில் 11 பேர் நிலத்தடி வீடுகளில் இறந்தார்கள், பெரும்பாலும் குயீன்ஸ் பகுதியில். கதவைத் திறந்து ஓடியிருக்கலாமே என்று மேல்தளத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றும். 80 சென்ரிமீற்றர் அகலக் கதவுக்கு வெளியே 60 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் கதவின் மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 144 கிலோ எடைக்குச் சமம். தண்ணீரானாலும் நெருப்பானாலும் படிக்கட்டு அடைபட்ட பின் மிச்சமிருப்பது யன்னல். யன்னலுக்கு அப்பால் இருப்பது இந்தக் குழி.

அந்தக் குழியின் மேல் நாங்கள் என்ன வைக்கிறோம்? நீலக் குப்பைத் தொட்டி. கோடை முடிந்து மடக்கிய பிளாஸ்ரிக் கதிரைகள். வாகனப் பாதையைத் துப்புரவாக்கும்போது வழித்துத் தள்ளும் ஸ்நோ முழுவதும் சுவரோரம், அதாவது குழிக்குள். இலை விழாமலிருக்கப் பிளாஸ்ரிக் மூடி போடுவது நல்லதுதான், ஆனால் அதைக் காற்று தூக்காமலிருக்கக் கம்பியால் கட்டி வைக்கிறார்கள். திருடன் வரலாம் என்று இரும்புக் கிராதி போட்டுப் பூட்டும் போடுகிறார்கள். மூடி எதுவானாலும் சாவியோ கருவியோ தனிப் பயிற்சியோ இல்லாமல் உள்ளிருந்து தள்ளித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. பூட்டுப் போட்டவர் பெரும்பாலும் அக்கறையோடுதான் போட்டார். அவர் வெளியே நின்று யோசித்தார்.

வெளிச்சம் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும்போது, வடக்குப் பக்கக் குழிக்கு வெயில் என்பதே இல்லை. குழியின் உட்புறத்துக்கு வெள்ளை அடித்தால் உள்ளே வரும் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியக் கூடுகிறது. செலவு ஒரு சிறிய பெயின்ற் பேணி. இன்னொரு வழியும் விற்பனையில் இருக்கிறது. கடற்கரை, காடு, மலையருவி என்று படம் அச்சிட்ட வளைந்த விரிப்பு. குழிக்குள் பொருத்திவிட்டால் உள்ளே படுத்திருப்பவருக்குத் தகரத்துக்குப் பதில் தென்னை தெரியும். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஆறு மாதம் துருவைப் பார்த்துக்கொண்டு கண்விழிக்கும் ஒருவர் அச்சடித்த தென்னையை விரும்பினால் அதில் நாங்கள் சொல்ல என்ன இருக்கிறது? அதை ஒட்டுமுன் வடிகாலைப் பார்த்தார்களா என்பது மட்டுமே என் கேள்வி.

குழிக்குள் வேறு சில உயிர்களும் வந்து விழும். தேரை, சலமந்தர், விஷமில்லாத கோடிட்ட பாம்பு, சில வேளை ஸ்கங்க் குட்டி. நெளிந்த தகரத்தில் அவற்றால் ஏற முடியாது. ஒரு பலகைத் துண்டைச் சாய்த்து வைத்தால் தாமாக ஏறிப் போய்விடும். ஸ்கங்க் என்றால் மெதுவாக வையுங்கள்.

அடித்தள வெள்ளத்தைத் தடுப்பதற்கு ரொறன்ரோ நகரம் நீண்ட காலமாக மானியம் கொடுத்து வந்திருக்கிறது. சாக்கடை திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கும், தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பம்புக்கும். விண்ணப்பிக்க வேண்டியவர் சொந்தக்காரர். நனைபவர் விண்ணப்பிக்க முடியாது. வாடகைக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: படம் எடுத்து, நாளைக் குறித்து, வாயால் சொன்னதையே எழுத்திலும் அனுப்பி வைப்பது. மற்றதெல்லாம் மேலே இருப்பவர் கையில். பேஸ்மென்றில் இருந்து கஷ்டப்பட்டு, வீடு வாங்கி, இன்று இன்னொருவருக்குப் பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருக்கும் எங்களவர்கள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தனியாக விளக்கத் தேவையில்லை.

இலை விழுந்து முடிந்ததும், முதல் ஸ்நோ வருமுன், கீழே இருப்பவருக்கு 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போங்கள். விளக்கை அணையுங்கள். அந்த யன்னலை உள்ளிருந்து உங்கள் கையாலேயே திறந்து, மூடியைத் தள்ளி, குழிக்குள் ஏறி நின்று, வெளியே வந்து பாருங்கள். வர முடியாவிட்டால் அந்த அறையைப் படுக்கையறை என்று வாடகைக்கு விடாதீர்கள்.